பட்டன் தேயாத டயர்

ஜூன் 11

பல வருடங்களுக்கு முன் நான் பாடம் எடுத்த பதினொன்றாம் வகுப்பில் சகாயமேரி எழுந்து நின்று கேட்ட ஒரு கேள்வி, இன்று காலை பல் துலக்கும்போது நினைவுக்கு வந்தது. அன்று மேசைமேல் மரக்கட்டையைப் படுக்க வைத்துச் சுருள்வில் தராசால் இழுத்துக் காட்டினேன். பிறகு அதே கட்டையை ஒருக்களித்து நிறுத்தி இழுத்தேன். இரண்டு முறையும் முள் ஒரே இடத்தில் நின்றது. “ஆகவே உராய்வு, தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல” என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அவள் கேட்டாள்: “அப்பறம் எதுக்கு டீச்சர் பந்தயக் காருக்கு அவ்ளோ அகலமா டயரு போடறாங்க?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். “அது பரீட்சைக்கு வராது, உட்கார்” என்றேன். அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது இது நினைவுக்கு வரக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை என் கணவர் அருளப்பனைக் கண் டாக்டரிடம் காட்ட வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குக் காரில் இறங்கினோம். வழியில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கீழிருந்து எண்ணி ஒவ்வொன்றுக்கும் எண் பலகை இருக்கும். இருபத்தொன்றாம் வளைவில், தூறல் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகாத நேரத்தில், நான் ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் தன் போக்கில் நேராக வழுக்கிப் போய் மண்மேட்டில் முட்டி நின்றது. பம்பரில் ஒரு கீறல். யாருக்கும் அடியில்லை. வேகம் இருபத்தைந்துக்கு மேல் இல்லை. மீட்டரைப் பார்த்தேன்.

இவர் இதே பாதையில் இருபத்தெட்டு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். பிளாஸ்க்கையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். ஓட்டி வந்தது அவருடைய பழைய சகா கதிரேசன். ஏறிப் போய்விட்டார். நான் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து சாம்பாருக்குப் பருப்பு போட்டேன்.

என் முடிவு: டயரின் அகலம் போதவில்லை. சகாயமேரி கேட்டதற்கு இப்போதாவது பதில் தேட வேண்டும்.

ஜூன் 12

மழை. துணி காயவில்லை. காரை எடுக்கவில்லை.

ஜூன் 14

நோயைப் பற்றியும் எழுதிவைக்கிறேன். இவருக்குக் கண்ணில் பிரஷர். நேரே இருப்பது நன்றாகத் தெரியும், ஓரம் தெரியாது. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி அதன் வழியாகப் பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி. இரண்டு வருடம் முன்பு தாமாகவே கார் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் மலைப்பாதையில் நான் ஓட்டப் பழகினேன். பக்கத்தில் உட்கார்ந்து தரையை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். அங்கே பிரேக் இல்லை என்று பல முறை சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் போனவர் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் படி தெரியாமல் தடுக்கி விழுந்து முழங்காலில் சிராய்ப்போடு திரும்பினார். டாக்டர் ஜூலை 24 அன்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார். அதற்கு முன் ஜூன் 22-ல் ஒரு சோதனை. தள்ளிப்போட்டால் இருக்கிற பார்வையும் சுருங்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தனியாகப் பஸ்ஸில் வரக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

“நான் கூட வரேன், பஸ்லயே போகலாங்க” என்றேன்.

“நீ என் கையப் பிடிச்சு ஏத்துவ, டிப்போக்காரப் பயலுக வரிசையா நின்னு பாப்பானுக. நல்லாருக்கும்.”

“அப்ப கார்ல போவோம்.”

பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

“டாக்சி?”

“அவன் டயர யாரு பாத்தா?”

இவருக்கு என் ஓட்டுதலில் நம்பிக்கை போய்விட்டது. வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல் டாக்சிக்காரன்மேல் பழி போடுகிறார்.

ஜூன் 15

காலை ஆறு மணிக்கு வாசல் கதவைத் திறந்தேன். இவர் காரின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்றேன். பூனைக்குட்டி உள்ளே போய்விட்டதாம்.

இட்லி மாவு பொங்கவில்லை. இந்தக் குளிருக்கு அது எப்படிப் பொங்கும்.

ஜூன் 18

கணக்கில் இறங்கிவிட்டேன். நம் டயரின் பக்கத்தில் 165/80 R14 என்று இருக்கிறது. 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு. 14 என்பது நடுவிலுள்ள இரும்புச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். இதில் ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் மொத்த உயரம் மாறக் கூடாது. மாறினால் வேக மீட்டர் பொய் சொல்லும். அடுக்குப் பாத்திரத்தில் ஒரு தட்டைப் பெரிதாக்கினால் இன்னொன்றைச் சின்னதாக்கினால்தான் மூடி பூட்டும். அதேதான்.

கூட்டிப் பார்த்தால் நம் டயரின் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர். 195/55 R16 போட்டால் 620.9. ஏறக்குறைய ஒன்றேதான், ஆனால் அகலம் மூன்று சென்டிமீட்டர் கூடுதல். இதுதான் நமக்கு வேண்டியது என்று தோன்றுகிறது.

வரைபடத் தாளில் இரண்டு சக்கரங்களையும் அளவாக வரைந்தேன். ஒரு வட்டம் பிசகியது. மேசை இழுப்பறையில் பள்ளிக்கூடக் காலத்து அழிரப்பர் ஒன்று கிடந்தது. ஒரு மூலைகூடத் தேயாத புது ரப்பர். அதை எடுத்துத் தேய்த்தால் கோடு அழியாமல் தாளெல்லாம் கறுப்பாகப் பரவியது. படத்தை மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

ஜூன் 20

வெயில். காரை எடுக்கவில்லை. டயர் அளவு முடிவாகாமல் எடுப்பது முறையல்ல.

ஜூன் 22

சோதனைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள். மலையில் மழை என்றேன். வெளியே துணி நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஜூலை 8-ல் வரச் சொன்னாள்.

ஜூன் 23

இன்றும் பூனைக்குட்டியாம். இந்த முறை டார்ச் லைட்டோடு. ஒரு கையால் டயரைத் தடவிக்கொண்டிருந்தார். “அங்கயா பூனை இருக்கு” என்று கேட்டேன். “இருந்துச்சு” என்றார். நம் தெருவில் யாரும் பூனை வளர்க்கவில்லை.

ஜூன் 25

சகாயமேரிக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. மரக்கட்டைக்கு நான் சொன்னது சரிதான். ரப்பருக்கு அது பொருந்தாது. மரக்கட்டை தரையின் மேலே உட்கார்கிறது. ரப்பர் தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. சப்பாத்தி மாவைச் சொரசொரப்பான கல்லில் அழுத்தி எடுத்தால் கல்லின் புள்ளியெல்லாம் மாவில் பதிந்திருக்கும். அது மாதிரி. அகலம் கூடினால் பிடித்துக்கொள்ளும் இடமும் கூடும்.

இதைச் சமையலறையில் மாவை வைத்துச் செய்தே காட்டினேன். இவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “சரி, சப்பாத்தி எப்ப?” என்று கேட்டார்.

ஜூன் 27

இன்று பஸ்ஸில் தனியாகப் பொள்ளாச்சிக்குப் போய் டயர் கடை நாச்சிமுத்துவைப் பார்த்தேன். காரிலேயே போயிருக்கலாம். சாலை காய்ந்துதான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் போனால் வழியில் நாற்பது வளைவுகளையும் கவனித்துப் பார்க்கலாம் என்று போனேன். இருபத்தொன்றில் மட்டும் வேறு பக்கம் பார்த்துவிட்டேன்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் காற்று அளக்கும் மீட்டர். என் வரைபடத் தாளை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

“ஏனுங் டீச்சர், இத்தன வருசத்துல கோடு போட்டு டயரு கேட்டு வந்தது நீங்க ஒருத்தருதானுங். கணக்கு சுத்தமா இருக்குது.”

“அப்ப பதினாறு அங்குலமே போட்டுடலாமா?”

“போட்டா வண்டி கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்கும். ஆனா பக்கச் சுவரு பத்து சென்டிக்குக் கொஞ்சம் மேலதானுங். இப்ப பதிமூணு இருக்குது. உங்க எஸ்டேட் ரோட்டுல நீங்க குழியில விடுவீங்களா, மாட்டீங்களா?”

“விடுவேன்.”

“ஒத்துக்கிட்டீங்க பாருங். வர்றவங்க எல்லாரும் மாட்டேன்னுதான் சொல்றாங்க, மூணாவது மாசம் நெளிஞ்ச ரிம்மத் தூக்கிட்டு வர்றாங்க. அந்தச் சுவருதானுங் குழிக்கு மெத்தை. அப்பறம் இன்னொண்ணு. அகலம் கூடக் கூடத் தண்ணிய ஒதுக்கறது அதுக்குச் செரமம். மழையில படகாட்டம் மேல மெதக்கப் பாக்கும். உங்கூர்ல மழை பெய்யாத நாளு எத்தன?”

“விரல்விட்டு எண்ணிடலாம்.”

“அப்ப ஆசைப்பட்டு ஆகாதுங்க.”

கடை வாசலில் நம் கார் போலவே ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் ஒட்டியிருந்த சின்னச் சீட்டைக் காட்டினார். அதில் இரண்டு அளவுகள் அச்சிட்டிருந்தன: 165/80 R14, 185/65 R15. “கம்பெனிக்காரனே ரெண்டு எழுதி ஒட்டியிருக்கானுங். மேல் மாடலுக்குப் பதினஞ்சு. ரெண்டு சென்டி அகலம் கூடும், மெத்தையும் பன்னெண்டு சென்டி மிஞ்சும். வண்டியக் கட்டுனவன் சொன்ன அளவுக்குள்ள நின்னுக்கோணும்.”

அங்கேயே கணக்குப் போட்டேன். 621.5. பொருந்துகிறது. ஒன்பது வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன். ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. பாடப் புத்தகத்தின் முன்னுரையைப் படிக்காத பிள்ளைகளை எவ்வளவு திட்டியிருப்பேன்.

கிளம்பும்போதுதான் அவர் கேட்டார்: “இப்பப் போட்டிருக்கற டயரு எந்த வருசத்துதுங்?”

“பட்டனெல்லாம் நல்லா இருக்கு. அன்னைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடிகூட எங்க வீட்டுக்காரர் நாலு டயர்லயும் பட்டன் பள்ளத்துல கட்டை விரலை விட்டுப் பார்த்தாரு. ரெண்டு வருஷம் ஓடும்னு சொன்னாரு.”

“சார் என்ன வேலையில இருந்தாருங்?”

“பஸ் டிரைவர்.”

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. மெதுவாகத் தலையாட்டினார். “பஸ் டயரு வயசாகற வரைக்கும் எங்கீங்க இருக்குது. மாசம் பத்தாயிரம் கிலோமீட்டரு ஓடுதுங். வருசம் திரும்பறதுக்குள்ள பட்டன் தேஞ்சு மறுபடி ரப்பரு ஒட்ட வந்துரும். உங்க காரு வருசத்துக்கே மூவாயிரம் ஓடுனா அதிகமுங். பட்டன் தேயறதுக்கு முன்னாடியே வயசாயிரும். பக்கத்துல ஒரு கட்டத்துக்குள்ள நாலு நம்பரு இருக்கும். முன்னாடி ரெண்டும் வாரம், பின்னாடி ரெண்டும் வருசம். வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

ஜூன் 28

மழை. பார்க்கவில்லை.

ஜூன் 29

தூறல். பார்க்கவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டேன்.

ஜூன் 30

இவர் கோயிலிலிருந்து திரும்ப நேரமாகும் என்று தெரிந்துகொண்டு பூதக்கண்ணாடியோடு வெளியே போனேன். 3613.

இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருடம், முப்பத்தாறாவது வாரம். காரைவிடக் காரின் டயர் மூத்தது. நான்கிலும் அதே எண்தான். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியிலும் அதுவே. பட்டன் ஆழமாக, புதிது போல இருக்கிறது. ஆனால் நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலிக்கிறது. பக்கச் சுவரில் காய்ந்த வண்டல் மண் போல மெல்லிய வெடிப்புகள்.

உள்ளே வந்து மேசை இழுப்பறையைத் திறந்தேன். அந்த அழிரப்பர் அங்கேயே கிடந்தது. ஒரு மூலைகூடத் தேயாதது. கல்.

சகாயமேரியின் கேள்விக்கு மீதிப் பதில் இதுதான். எவ்வளவு அகலம் என்பது இரண்டாவது கேள்வி. ரப்பர் இன்னும் ரப்பராக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. காய்ந்த மாவை எவ்வளவு அகலமாகத் தட்டி அழுத்தினாலும் கல்லின் புள்ளி அதில் பதியாது.

இவரிடம் சொல்லப்போவதில்லை. நான்கு டயரையும் விரல்விட்டுப் பார்த்து “ஓடும்” என்று சொன்னவர் இவர். இருபத்தெட்டு வருடம் ஒரு பயணிக்கும் கீறல் படாமல் ஓட்டிய மனிதரிடம், எண்ணைப் பாருங்கள் என்று நீட்ட எனக்கு மனம் வரவில்லை. கறுப்பின்மேல் கறுப்பாக இருக்கும் அந்தப் பொடி எண் அவர் கண்ணுக்குப் பிடிபடவும் செய்யாது. அகலத்துக்காக மாற்றுகிறோம் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 1

சொன்னேன். “அகலம் போதலைங்க. பதினஞ்சு அங்குலத்துக்கு மாத்திடலாம்னு இருக்கேன். அஞ்சு சக்கரமும்.”

வாதாடுவார் என்று நினைத்தேன். “ஆமா, அகலம் போதாதுதான்” என்றார் உடனே. “ஸ்டெப்னியும் சேர்த்தா சொன்ன?”

“சேர்த்துதான்.”

“நல்லது” என்றார். இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஜூலை 3

ஒரு சிக்கல். புதுச் சக்கரம் மாட்டக் காரைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய டயரோடு அந்த நாற்பது வளைவுகளில் இறங்கித்தான் புது டயர் வாங்க முடியும் என்றால், நீச்சல் கற்க வேண்டியவனை அக்கரையில் இருக்கும் பள்ளிக்கு நீந்தி வரச் சொல்வது போல ஆகும்.

இவரிடம் இதைச் சொன்னேன். முகம் மலர்ந்தது. இந்த முகத்தைப் பார்த்து இரண்டு வருடமாயிற்று. “அதுக்கு எதுக்கு வண்டி போகணும்? சக்கரத்த வரச் சொல்லுவோம்.” போனை எடுத்துக் கதிரேசனைக் கூப்பிட்டார். இந்த மலைக்கு எது வந்தாலும் பஸ்ஸில்தான் வரும். மருந்து, பேப்பர், பூ, கல்யாணப் பத்திரிகை எல்லாமே. இனி சக்கரமும்.

“டேய் கதிரேசா, டீச்சரோட சாமான் அஞ்சு வருது. உருண்டையா இருக்கும்… இல்லடா, பூசணிக்கா இல்ல.”

ஜூலை 8

சோதனைக்குப் போகவில்லை. சக்கரம் தயாராகவில்லை. உண்மையிலேயே தயாராகவில்லை. நாச்சிமுத்துவிடம் புதிய தேதி உள்ள டயரே வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வரவழைக்கிறார். ஆஸ்பத்திரிப் பெண் இந்த முறை கோபித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முதல் நாள் கட்டாயம் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் நாள் வேறு ஒருவருக்குப் போய்விடும், அடுத்தது செப்டம்பரில்தான் என்றாள். செப்டம்பர் வரை அவருடைய கண் காத்திருக்காது.

ஜூலை 10

இவர் சீப்பை மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே தேடினார். ஓரத்தில் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டு அந்தப் பக்கம் திரும்ப வைத்தேன். தானே கண்டெடுத்தார்.

ஜூலை 13

ஐந்து சக்கரங்களும் டயர் மாட்டி, சமன் பார்த்து, காற்றடித்து, காலை பஸ்ஸில் வந்து இறங்கின. கடைசி இருக்கையில் வரிசையாகக் கயிறு கட்டி உட்காரவைத்திருந்தார்கள். கண்டக்டர் இறங்கி, “டீச்சர், அஞ்சு பேருல ஒருத்தருகூட டிக்கெட் எடுக்கல” என்றார். பஸ்ஸே சிரித்தது.

நான்கு எண்களை முதலில் பார்த்தேன். இந்த வருடத்து மே மாதம். நகத்தால் அழுத்தினால் பதிகிறது.

பஞ்சர் கடை மொய்தீன் வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுத்தார். போல்ட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கச் சொன்னேன். “தெரியும் டீச்சர், எட்டாம் கிளாஸ்ல உங்ககிட்டதான் படிச்சேன், அப்பவும் இப்படித்தான் மேல நிப்பீங்க” என்றார்.

அவர் போன பிறகு கழற்றிய டயர்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. இவர் அருகில் போய் உட்கார்ந்தார். கட்டை விரலைப் பட்டனுக்குள் விட்டார். பிறகு அதே விரலைப் பக்கச் சுவருக்குக் கொண்டுவந்து மெதுவாக நகர்த்தினார். நான் குடத்தைக் கழுவுவது போல நின்றேன்.

“வெடிச்சிருக்கு” என்றார்.

“லேசாத்தான்.”

“லேசா இல்ல டீச்சர். போன மாசம் எட்டாந்தேதி கதிரேசன் பஸ்ல உக்காந்து எறங்கயிலயே தோணிச்சு. இருவத்தஞ்சுல போன வண்டி அப்படிப் போகாது. நீ திருப்புனது சரி. பிரேக்க விட்டுக் குடுத்ததும் சரி. வீட்டுக்கு வந்து தடவிப் பாத்தேன். காலையில, நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி.”

“பூனை?”

“பூனைதான்” என்றார். விரலில் ஒட்டிய தூசியைத் துடைத்தார். “கண்ணு போனாலும் வெரலு இருக்குன்னு நெனச்சேன். வெரலும் ஏமாத்திருச்சு. நான் ஓடும்னு சொன்ன டயருல உன்ன ஓட்ட விட்டுட்டு, மறுபடி உன் பக்கத்துல எப்படி உக்கார? என்னமோ நான் பாத்துக் குடுத்த வண்டின்னு நீ தெம்பா ஓட்டுவ.”

ஒரு மாதமாக நான் என்னவெல்லாமோ எழுதியிருக்கிறேன். முன் பக்கங்களைத் திருப்பிப் படித்தேன். டாக்சி டயரை யார் பார்த்தது என்று இவர் கேட்டதைக்கூட எழுதியிருக்கிறேன். எழுதியவளுக்குத்தான் புரியவில்லை.

இழுப்பறையிலிருந்து அழிரப்பரைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். அழுத்திப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கு.”

“பட்டன் தேஞ்சிருக்கா?”

“இல்ல.”

“முப்பத்திநாலு வருஷம் பாடம் எடுத்தேன். இதக் கையில வச்சுத் தேச்சும் எனக்கே தெரியல. நீங்க பார்த்தது எல்லாம் ஓடித் தேயற டயரு. வீட்டுல நின்னு வயசாகற டயர நீங்க எங்க பார்த்தீங்க.”

“ரிட்டயர் ஆன டயரு” என்றார். பிறகு இருவரும் உள்ளே போய்க் காபி குடித்தோம்.

அப்போது நானும் ஒன்றைச் சொன்னேன். இந்த நோட்டில் மழை, டயர் அளவு, ஊறுகாய் என்று காரணம் எழுதிய நாட்களில் எல்லாம் உண்மையில் எனக்குச் சாவியைத் தொடவே பயமாக இருந்தது என்றேன்.

“தெரியும்” என்றார். “வெயில் அடிச்ச அன்னைக்கும் நீ எடுக்கலியே.”

ஜூலை 14

பஜார் வரை ஓட்டினேன். அவர் பக்கத்தில். தரையை நான்கு முறை மிதித்தார்.

ஜூலை 18

நாற்பதாம் வளைவு வரை போய்த் திரும்பினோம். மழை. புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் வரை கொஞ்சம் வழுக்கும், பழக்கி ஓட்டுங்கள் என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தார். புதுச் செருப்பும் அப்படித்தான். தினமும் காலையில் எஸ்டேட் சாலையில் பழக்குகிறோம். இவர் இன்று தரையை மிதித்தது இரண்டு முறை.

ஜூலை 23

இறங்கிவிட்டோம். வழி முழுக்கச் சாரல். புறப்படும் முன் குளிர்ந்த டயரில் காற்று அளந்தேன். அவர் நான்கையும் தடவிப் பார்த்தார், பட்டனையும் பக்கச் சுவரையும். எண்ணை நான் வாசித்துச் சொன்னேன். “சரி, எடு” என்றார். டிப்போவில் வண்டி எடுக்கும்போது சொல்கிற அதே குரல்.

இருபத்தொன்றில் இரண்டாவது கியருக்கு இறக்கினேன். அவருடைய கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி திரும்பியது. அவ்வளவுதான். எழுத வேறொன்றுமில்லை என்பதே நல்ல செய்தி.

ஜூலை 24

ஆபரேஷன் முடிந்தது. நன்றாக நடந்தது என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வை நிற்கும் என்றார். ஆஸ்பத்திரிப் பெண் என்னைப் பார்த்து, “மலையில் மழை டீச்சர் நீங்கதானா?” என்று கேட்டாள்.

ஜூலை 25

லாட்ஜ் அறையில் வேலையில்லை. பழைய மாணவிகளின் வாட்ஸாப் குழுவில் சகாயமேரிக்குப் பதில் எழுதினேன். மரக்கட்டை, சப்பாத்தி மாவு, அழிரப்பர் எல்லாவற்றையும் விளக்கமாக. அன்று உட்காரச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் இப்போது திருப்பூரில் ஒரு தையல் கம்பெனியில் மேற்பார்வையாளர்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “நன்றி டீச்சர். இது பரீட்சைக்கு வருமா?”

ஜூலை 28

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆபரேஷன் செய்த கண்ணுக்குப் பிளாஸ்டிக் மூடி. அடிவாரத்து ஆழியாறு தாண்டியதும் இவர் மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டார். தலைவலியா என்றேன்.

“இல்ல. பார்க்காம சொல்றேன் பார். ஒண்ணு.” முதல் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தோம்.

உடம்பு சாய்வதை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு, மூன்று. நடுவில் எந்த வளைவில் எந்த வருடம் யானை நின்றது, எங்கே ஒரு பயணி தொப்பியை விட்டுவிட்டு இறங்கி ஓடினார் என்ற கதைகள். ஒன்பது, பத்து. நான் பலகையைப் பார்த்து மனத்துக்குள் சரி போட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. பிறகு கதிரேசனுக்குப் பெண் பார்க்கப் போன கதையை ஆரம்பித்தார். ஈரச் சாலை. இரண்டாவது கியர். வண்டி தண்டவாளத்தில் போவது போலத் திரும்பியது. பலகையை நான் மட்டும் படித்தேன். கதை ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வளைவில் உடம்பு சாய்ந்தபோது நிறுத்திவிட்டு, “இருபத்தொண்ணு” என்றார்.

“இருபத்திரண்டு.”

கண்ணைத் திறந்தார். பலகை கண்ணாடிக்கு நேரே வந்தது. “அப்ப இருபத்தொண்ணு எங்க?”

“போயிடுச்சுங்க.”

வேண்டுமென்றே விட்டாரா, உண்மையிலேயே தெரியவில்லையா என்று நான் கேட்கவில்லை. வலது காலை இடது காலின் மேல் போட்டிருந்தார். பெண் பார்த்த கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நோட்டில் இன்னும் அரைப் பக்கம் இருக்கிறது. ஆசிரியருக்கு வெறும் பக்கம் கண்ணில் பட்டால் வீட்டுப்பாடம் கொடுக்கத் தோன்றும். இதை யார் எடுத்துப் படித்தாலும் சரி, நாளைக் காலை உங்கள் வண்டியின் அருகே குத்துக்காலிட்டு உட்காருங்கள். யாராவது கேட்டால் பூனை என்று சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைத் தேடி, கடைசி இரண்டும் எந்த வருடம் என்று படித்துப் பாருங்கள்.